டிரைவர் சீட்டுக்குத் தெரியாத இடம்

டிரைவரே,

இன்று காலை வாளியில் ஊறப்போட்டிருந்த சேலையைப் பிழிய எடுத்தேன். எலுமிச்சம்பழ வாசம் குப்பென்று வந்தது. சோப்பு போட்டு ராத்திரி முழுக்க ஊறின துணி, அப்படியும் போகவில்லை. சேலையைக் கையில் பிடித்தபடி குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நேற்று நடந்தது என் உடம்புக்கு அப்போதுதான் புரிந்தது போல.

நேற்று நான் பஸ்ஸுக்கு அடியில் போயிருப்பேன். நெற்றியில் பம்பர் இடித்த இடம் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. வண்டியை எடுத்தவள் வேறு யாருமில்லை, என் மருமகள் கலா. ஹெவி லைசென்ஸ் டெஸ்ட்டில் பாஸாகி, சீட்டை விட்டு இன்னும் இறங்கக்கூட இல்லை. அதே மைதானத்தில், அதே வண்டியை, நான் முன்னால் குந்தியிருப்பது தெரியாமல் எடுத்துவிட்டாள்.

மண்ணில் மல்லாந்து கிடந்தபோது எனக்குப் பெற்ற பிள்ளை ஞாபகம் வரவில்லை. சாமி ஞாபகமும் வரவில்லை. உன் ஞாபகம்தான் வந்தது. வந்த உடனே கோபமும் வந்தது. செத்துப்போனவனிடம் என்ன கோபம் என்று கேட்பார்கள். கேட்கட்டும். உன்னோடு ஒரே வண்டியில் போய் வந்தவள் நான். கேட்கிறவர்கள் இல்லை.

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். படிக்கப்போவது நீ இல்லை என்பதால் கவலையில்லை.

என் வீட்டுக்காரர் போன பிறகு பள்ளிக்கூட பஸ்ஸில் ஆயா வேலைக்கு வந்தேன். பிள்ளைகளை ஏற்றி இறக்கி, ரோட்டைத் தாண்டவிட்டு, பெற்றவர்கள் கையில் ஒப்படைக்கிற வேலை. டிரைவர் நீ. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என் மானத்தை வாங்கினாய். நூம்பல் ஸ்டாப்பில் ஒரு பிள்ளைக்கு வீடு எதிர்ப்பக்கம். நான் இறங்கி, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, வண்டியின் மூக்கை ஒட்டியபடி நடந்தேன். நீ இன்ஜினை அணைத்தாய். கதவைத் திறந்து கீழே இறங்கி வந்தாய்.

"இன்னாம்மா, பம்பர ஒரசிக்கினு போறியே. பஸ்ஸு மேல அவ்ளோ பாசமா உனுக்கு?"

"வண்டி பக்கமா போனா பாதுகாப்பா இருக்கும்னு..."

"வண்டிக்குக் கண்ணு கீதா? கண்ணு எனுக்குத்தான் கீது. நான் குந்தியிருக்கிறது மேல. அங்கேர்ந்து பாத்தா நீயும் தெரியல, புள்ளயும் தெரியல. தல தெரிஞ்சாலும் பத்தாது. உன் காலு எனுக்குத் தெரியணும். காலு தெரியற அளவுக்குத் தள்ளிப் போ."

அங்கே பிள்ளையை வாங்க வந்திருந்த தாய்மார்கள் எல்லோரும் சிரித்தார்கள். நீல நைட்டி போட்டு மேலே துண்டு போட்டிருந்தவள்தான் அதிகமாகச் சிரித்தாள். அவள் முகம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. உன் முகத்தையும் அன்றைக்கே மனதில் குறித்துக்கொண்டேன். ஆனால் மறுநாளிலிருந்து தள்ளித்தான் நடந்தேன். நீ சீட்டிலிருந்து கொஞ்சம் எக்கி, என் காலைப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டுவாய். அதற்குப் பிறகுதான் பிள்ளையோடு குறுக்கே போவேன்.

உன்னிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. பிள்ளை ஒன்று நின்றுகொண்டிருந்தாலும் வண்டி நகராது. யார் நிற்கிறார்கள் என்று சொல்லவும் மாட்டாய். இன்ஜினை அணைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் ரோட்டைப் பார்த்தபடி பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பாய். பின்னாலிருந்து வண்டிக்காரன்கள் ஆரன் அடிப்பான்கள், கெட்ட வார்த்தை சொல்வான்கள். உனக்குக் காது கேட்காது. பிள்ளைகளே அவர்களுக்குள் தேட ஆரம்பிக்கும். "டேய் நீதான்டா, குந்துடா!" "நான் குந்திக்கினுதான்டா கீறேன், அவன்தான்டா!" கடைசி ஆள் உட்கார்ந்ததும் இன்ஜின் தானாக உறுமும்.

ஒருநாள் எல்லாப் பிள்ளையும் உட்கார்ந்தாகிவிட்டது. அப்படியும் நீ எடுக்கவில்லை. நான் முன்னுக்கும் பின்னுக்கும் போய் ஒவ்வொரு சீட்டாகப் பார்க்கிறேன். எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றன. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். யூகேஜி பிள்ளை ஒன்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "ஆயா, நீதான் நிக்கிற!" வண்டியே அதிர்ந்தது, அப்படிச் சிரித்தார்கள். நான் போய் என் சீட்டில் தொப்பென்று உட்கார்ந்தேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடியில் உன் மீசை மட்டும் அசைந்தது.

அந்தச் சிரிப்பையெல்லாம் பொறுத்துக்கொண்டவள்தான் நான். கலா விஷயத்தில் நீ செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

கலாவை உனக்குத் தெரியும். என் மகன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலைக்குப் போகிறவன். அவன் ஓட்டாத வண்டியை அவள் ஓட்டினாள். பள்ளிக்கூடத்தின் சின்ன வேனை அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள், இப்போதும் ஓட்டுகிறாள். வேனிலிருந்து பெரிய பஸ்ஸுக்கு மாறவேண்டும், ஹெவி லைசென்ஸ் எடுக்கவேண்டும் என்று அவளுக்கு ஒரே வெறி. பஸ் டிரைவர் என்றால் வேலை நிலைக்கும், மதிப்பும் தனி. எனக்கும் ஆசைதான், ஏன் பொய் சொல்லவேண்டும். என் வீட்டுப் பெண் அந்தப் பெரிய சீட்டில் ஏறி உட்கார்ந்தால், நூம்பல் தாய்மார்கள் முன்னால் நான் இறங்கி நடக்கிற நடையே வேறாக இருக்கும்.

எல்எல்ஆர் போட்ட நாளிலிருந்து எங்கள் வீடு டிரைவிங் ஸ்கூலாகிவிட்டது. கலா பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, சோற்றுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துத் திருப்புவாள். இடது கால் கிளட்ச். வலது கால் பிரேக். நான் கீரை ஆய்ந்தபடியே படப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டுவேன். படத்துக்குப் படிப்பு வேண்டாமே.

"முக்கோணத்துக்குள்ள ரெண்டு புள்ள ஓடுது. இன்னா?"

"ஸ்கூல் வருது, மெதுவா போ."

"வட்டத்துக்குள்ள ஆரன் படம், குறுக்க ஒரு கோடு."

"அத்த, அது ஆரன் அடிக்காத. உனுக்குத்தான் அந்தப் படத்தக் காட்டணும். எந்நேரமும் அடிச்சிக்கினே கீற."

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற பாபு ஒரு பழைய பஸ் வைத்திருந்தான். பாரிவாக்கத்துப் பக்கம் மனை பிரித்துக் கல் நட்டு, வீடு கட்டாமல் கிடந்த இடத்தில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பழக்குவான். டெஸ்ட்டுக்குத் தேதி வாங்குவதற்கு முன்னால் நீ ஒருதரம் வந்து பார்த்துச் சொல்லவேண்டும் என்று நான்தான் உன்னைக் கூப்பிட்டேன். நான் கூப்பிட்டு வந்தவன் நீ. அதை மறந்துவிடாதே.

அன்றைக்குக் கலா எவ்வளவு நன்றாக ஓட்டினாள். இரண்டு தண்ணீர்க் கேனுக்கு நடுவில், இரண்டிலும் படாமல் பின்பக்கமாக வண்டியைக் கொண்டுபோய் விட்டாள். மண்மேட்டில் ஏறும்போது பாதியில் நிறுத்தி, ஒரு அடிகூடப் பின்னால் உருளாமல் கிளப்பினாள். பாபு கையைத் தட்டினான். "அக்கா, அடுத்த வாரமே டேட்டு போட்டுக்கலாம்" என்றான். கலா பல் தெரியச் சிரித்தாள். நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், ஒன்றும் சொல்லாமல் இறங்கினாய். வண்டிக்கு முன்பக்கம் போனாய். ஆயில் ஒழுகுகிறதா என்று பார்க்கப் போகிறாய் என்று நினைத்தேன். பம்பருக்கு நேராகக் குந்தினாய். ஒரு கையால் பம்பரைப் பிடித்துக்கொண்டாய்.

"எடுங்கக்கா, ஊட்டுக்குப் போலாம்" என்றான் பாபு.

கலா இந்தக் கண்ணாடியைப் பார்த்தாள், அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள். இன்ஜினைக் கிளப்பினாள். கியர் போட்டாள். உடனே பம்பருக்கு மேலே உன் தலை எழுந்தது. கலா அலறிவிட்டாள்.

நீ வேட்டியைத் தட்டிக்கொண்டு பாபுவிடம் வந்தாய். "இந்தப் பொண்ண இப்ப டெஸ்ட்டுக்கு அனுப்பாத" என்றாய்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "யோவ், திருட்டுத்தனமா போயி குந்திக்கினு பொண்ண ஏமாத்துறியா? இதெல்லாம் டெஸ்ட்டுல வருமா?"

"டெஸ்ட்டுல வராதும்மா. ரோட்டுல வரும்."

"அவ கண்ணாடி பாத்துட்டுத்தான எடுத்தா?"

"கண்ணாடில பக்கவாட்டுதான் தெரியும். மூக்குக்குக் கீழ தெரியாது. நான் வண்டிய விட்டு எறங்குனத அவ பாத்தா. எறங்குனவன் எங்க போனான்னு தெரியாம எடுக்கறா பாரு, அதான் சொல்றேன். நம்ம வண்டில எறங்கறது எல்லாம் கால்முட்டி ஒசரம்."

"பொறாமைய்யா உனுக்கு. உன் சீட்டுக்கு ஒரு பொம்பள வந்துடுவாளோன்னு."

நீ பதில் சொல்லவில்லை. ஒரு வார்த்தை பதில் சொல்லியிருந்தால் அங்கேயே சண்டை போட்டு முடித்திருப்பேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாய். கலா வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். உன் பேச்சுக்குப் பயந்து பாபுவும் தேதி வாங்கவில்லை.

மறுநாளிலிருந்து உன்னோடு பேசுவதை நிறுத்தினேன். வண்டியில் ஆயாவும் டிரைவரும் பேசாமல் இருக்க முடியுமா என்று கேட்டால், முடியும். பிள்ளைகள் ஏறினதும் பக்கத்துத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. அது போகலாம் என்று அர்த்தம். ஒரு தட்டு என்றால் நில். மாதக்கணக்கில் நமக்குள் அந்தத் தட்டல்தான். ஆயுத பூஜைக்கு நீ பொரியும் சுண்டலும் பொட்டலம் கட்டி என் சீட்டில் வைத்தாய். நான் அதைக் கையால் தொடவில்லை. பிள்ளைகள் தின்றன. நீ ஒருதரம்கூட "இன்னாம்மா கோவம்" என்று கேட்கவில்லை. கேட்காததற்கும் சேர்த்துக் கோபித்துக்கொண்டேன்.

அப்புறம் அந்தக் காலை.

பாரிவாக்கம் ஸ்டாப்பில் இரட்டைப் பிள்ளைகளை ஏற்றினேன். பையை வாங்கி மேலே வைத்து, இரண்டையும் ஜன்னலோரம் தள்ளி உட்காரவைத்து, நானும் உட்கார்ந்துகொண்டு இரண்டு தட்டு தட்டினேன். இன்ஜின் நின்றது.

ஆரம்பிச்சிட்டான்டா என்று நினைத்தேன். யாரோ நிற்கிறார்கள். எழுந்தேன். கடைசி சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். ஒருத்தன் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான், அவனை நேராக்கினேன். ஒருத்தி பின்னால் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தாள், அவள் தோளைத் திருப்பினேன். திரும்ப வந்து உட்கார்ந்து தட்டினேன். வண்டி எடுக்கவில்லை. மறுபடியும் எழுந்தேன். மறுபடியும் ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். எல்லாப் பிள்ளையும் உட்கார்ந்திருந்தது. பிள்ளைகளும் பழக்கத்தில் "யார்டா நிக்கிறது, குந்துங்கடா" என்று கத்தின. அந்தக் குரல்கள் எனக்கு இப்போதும் கேட்கின்றன. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, தகரம் அதிர்கிற மாதிரி ஓங்கித் தட்டினேன்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். அத்தனை மாதத்துக்குப் பிறகு உன்னிடம் பேசிய முதல் பேச்சு. "இன்னா டிரைவரே, எல்லாம் குந்திக்கினுதான கீது. யாரு நிக்கிறாங்கன்னு வாயத் தொறந்து சொன்னா கொறஞ்சா பூடுவ?"

நீ ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய். கை மடியில் இருந்தது.

முன் சீட்டு எல்கேஜி பிள்ளைதான் சொன்னது. "ஆயா, டிரைவர் தாத்தாக்கு எச்சி ஒழுவுது."

டிரைவரே, நான் எழுந்து உன் பக்கம் வந்தேன். நான் உன் தோளைத் தொட்டேன். நீ ஜன்னல் பக்கம் சாய்ந்தாய். அவ்வளவுதான். வலி என்று ஒரு முனகல் இல்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆரன்மேல் விழவில்லை. அடங்கின வண்டி மாதிரி அடங்கியிருந்தாய்.

கத்தினேன் என்று சொல்கிறார்கள். எனக்கு நினைவில்லை. என் நினைவில் இருப்பது, பிள்ளைகளை இடது பக்கக் கதவு வழியாக ஒவ்வொன்றாக இறக்கினது. மூடியிருந்த ஒரு கடை ஷட்டரை ஒட்டி வரிசையாக உட்காரவைத்தது. ரோட்டில் போகிறவர்கள் ஓடிவந்தார்கள். யாரோ ஒருத்தர் வண்டியை ஓரம் தள்ளலாம் என்று சாவியைத் தேடினார். சாவி அதன் இடத்தில் இல்லை. ஹேண்ட்பிரேக் முழுக்க இழுத்திருந்தது. கியர் நியூட்ரலில் இருந்தது. ஆம்புலன்ஸில் வந்த பையன் உன் கையைப் பிரித்தபோதுதான் சாவி கிடைத்தது. உன் உள்ளங்கையில் அது பதிந்து அச்சு விழுந்திருந்தது.

நெஞ்சு அடைக்கிற நேரத்தில் ஒரு மனுஷன் மார்பைப் பிடிப்பான். தண்ணீர் கேட்பான். நீ பிரேக்கை இழுத்தாய், கியரை எடுத்தாய், இன்ஜினை அணைத்தாய், சாவியைப் பிடுங்கினாய். இத்தனைக்கும் உனக்கு நேரம் இருந்திருக்கிறது. "யம்மா" என்று ஒரு குரல் கொடுக்க நேரம் இல்லையா? நான் உனக்குப் பின்னால்தானே உட்கார்ந்திருந்தேன்?

உன் வீட்டுக்குத் துக்கத்துக்குப் போனேன். உன் சம்சாரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தாம்மா அவரு வண்டி ஆயா" என்றேன். அந்தம்மா அழுத கண்ணோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வண்டில ஆயா கீறாங்கன்னு தெரியும். உங்களப் பத்தி ஊட்ல ஒண்ணும் சொன்னதில்லீங்களே" என்றாள். நம் சண்டையைக்கூட நீ வீட்டில் சொல்லவில்லை. நான் உன்னைத் திட்டாத நாள் எங்கள் வீட்டில் இல்லை. நீ என்னை அங்கே கொண்டுபோகவே இல்லை. துக்க வீட்டு வாசலில் நின்றுகொண்டு, அதற்கும் கோபப்பட்டேன்.

உன் வண்டியை வேறு பஸ் டிரைவர்கள் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். பஸ்களைப் பார்த்துக்கொள்கிற மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "ஆயாம்மா, உங்க மருமக சீக்கிரம் ஹெவி எடுத்துட்டா இந்த வண்டிய அவங்களுக்கே குடுத்துடலாம்" என்றார். எனக்கு எதிர்த்துச் சொல்ல ஒன்றும் இல்லை. எதிர்த்துச் சொன்ன ஆள் போய்விட்டான். பாபு உடனே தேதி வாங்கினான்.

நேற்று டெஸ்ட்டுக்கு, பாபுவின் பஸ்ஸில் நானும் கூடப் போனேன். போகிற வழியில் அம்மன் கோயிலில் இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். கலா புதுக் காக்கிச் சட்டை போட்டிருந்தாள். டெஸ்ட் எடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் சிடுசிடுப்பில்லாத மனுஷர். நிதானமாகத்தான் பார்த்தார். முன்னால் ஓட்டச் சொன்னார், பின்னால் எடுக்கச் சொன்னார், மேட்டில் நிறுத்திக் கிளப்பச் சொன்னார், சைகை கேட்டார். கலா ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. "நல்லா ஓட்டறம்மா. ஸ்கூல் வண்டியா? பாத்துப் போ" என்று சொல்லிவிட்டு இறங்கினார். கதவோரம் கீழே நின்றிருந்த பாபு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். பின் சீட்டில் உட்கார்ந்திருந்த நான் கதவு வழியாக இறங்கினேன். நான் இறங்கினதைக் கலா பார்த்தாள். "அத்த, பாஸு!" என்று கத்தினாள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

முதல் வண்டி, முதல் நாள். டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் விடுவேனா? முடிச்சை அவிழ்த்து ஒரு பழத்தை இடது டயருக்கு முன்னால் வைத்தேன். இன்னொன்றை வலது டயருக்கு வைக்க, எழுந்து சுற்றிப் போக முழங்கால் இடம் கொடுக்கவில்லை. குந்தினபடியே பம்பருக்கு முன்னால் நகர்ந்தேன்.

பின்னால் அடுத்த ஆள் டெஸ்ட்டுக்குக் காத்திருந்தான். "அக்கா, வண்டிய ஓரம் உடுங்க" என்றான் பாபு.

கலா இரண்டு கண்ணாடியையும் பார்த்திருப்பாள். நிச்சயம் பார்த்திருப்பாள்.

இன்ஜின் சத்தம் என் தலைக்கு மேலே உறுமியது. என்ன என்று நிமிர்ந்தேன். நிமிர்ந்த நெற்றியில் பம்பர் மோதியது. மல்லாந்து விழுந்தேன். என் காலுக்குப் பக்கத்தில் பழம் நசுங்கித் தெறித்தது, டப்பென்று. சாறும் கொட்டையும் சேலையெல்லாம் அடித்தது. "ஹோல்டான்! ஹோல்டான்!" என்று பாபு வண்டியைக் கையால் அறைந்தான். வண்டி நின்றது. டயருக்கும் என் காலுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்ததாக மற்றவர்கள் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. நான் வானத்தைப் பார்த்துக் கிடந்தேன். கால் தெரியவேண்டும் என்று நீ சொன்னாய். என் தலையே அவளுக்குத் தெரியவில்லை டிரைவரே.

கலா குதித்து ஓடிவந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போயிற்று. "உனுக்கு அறிவு கீதா அத்த? அங்க போயி எதுக்குக் குந்தின?" என்று கத்திவிட்டு, என் மடியில் விழுந்து அழுதாள். புதுச் சட்டையெல்லாம் மண்ணும் எலுமிச்சம் சாறும் ஆயிற்று.

வீட்டுக்கு வந்து டீ போட்டுக் குடித்துக்கொண்டிருந்தோம். சாயங்காலம் மேனேஜர் போன் செய்தார், திங்கட்கிழமையிலிருந்து பெரிய வண்டி கலாவுக்கு என்று. அவள் முகம் மறுபடியும் மலர்ந்தது. சின்ன வயசு, மலராதா? நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"வேணாம் கலா. நீ இப்ப எடுக்காத."

"இன்னா சொல்ற?"

"இன்னும் கொஞ்ச நாளு வேற டிரைவரு பக்கத்துல குந்தி, புள்ளைங்கள ஏத்தி எறக்கற வேலையப் பாரு. எறங்குனவங்க எங்க போனாங்கன்னு பாக்காம உன் கை கியருக்குப் போவாத அளவுக்குப் பழகு. அப்பால எடு."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "இதே வாயால அந்த ஆள எவ்ளோ திட்டின? எனுக்காக அவர்கூட பேசாமகூட இருந்த. இன்னிக்கு அவரு பேச்சையே பேசறியா?"

"நா அந்த ஆளுக்காகப் பேசல. என் நெத்திக்காகப் பேசறேன்."

"தப்பு உன்து அத்த. ஓடற வண்டி முன்னாடி எவளாவது போயி குந்துவாளா?"

"என்துதான். அறுவது வயசுக்கு மேல ஆச்சு, பஸ்ஸுலயே குப்ப கொட்னவ, நானே சொல்லாம போயி குந்தினேன். புள்ளைங்க சொல்லிட்டா வந்து குந்தும்? வாட்டர் பாட்டில் உருண்டு போச்சின்னா, அது பின்னாடியே போவும். உன்ன கேட்டுட்டா போவும்?"

எனக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியாது. அவள் முன்னாலேயே மேனேஜருக்குப் போன் போட்டேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஆயாம்மா, பாஸ் ஆயிட்டாங்களே. உங்க மருமகதானே?" என்றார்.

"மருமகதான் சார். அதனாலதான் சொல்றேன். வேற யாரு சொல்லுவா?"

சரி, பழைய ஏற்பாடே கொஞ்ச நாள் ஓடட்டும், கலா கூடவே போய்ப் பழகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். போனை வைத்தேன். கலா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மகன் வந்து விஷயம் கேட்டுவிட்டு, "உனுக்கு ஏம்மா இந்த வேல?" என்றான்.

அதைத்தான் நானும் கேட்கிறேன். உனக்கு ஏன் அந்த வேலை? பாபு மாதிரி நீயும் கையைத் தட்டிவிட்டுப் போயிருந்தால் உன்னை யார் கேட்டிருப்பார்கள்? கடைசி வரைக்கும் நான் உன்னோடு சிரித்துப் பேசியிருப்பேன். பொரியை வாங்கித் தின்றிருப்பேன். ஒரு பெண்பிள்ளையின் ஆசையில் மண்ணைப் போட்டவன் என்ற பேரோடு, ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அத்தனை மாதம் வண்டி ஓட்டினாய். எப்படி ஓட்டினாய் என்று இன்று ஒரே நாளில் எனக்கு மூச்சு முட்டுகிறது.

கலா இன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்தாள், சாப்பிடு என்று சொல்லவில்லை. எத்தனை நாளைக்கு என்று தெரியாது. கோபத்தை வைத்துக்கொள்ள அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம், என் வீட்டில் வாழ வந்தவள். வைத்துக்கொள்ளட்டும். நான் உன்னை மாதிரி வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன். அவள் பேசாவிட்டாலும் நான் பேசுவேன். திட்டினால் திருப்பித் திட்டுவேன். ஆனால் சரி என்று மட்டும் சொல்ல மாட்டேன், இறங்கினவர்களைப் பார்க்காமல் அவள் கை கியருக்குப் போவது நிற்கிறவரைக்கும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நூம்பலில் சிரிக்கவைத்தது, கடைசி நேரத்தில் என்னைக் கூப்பிடாமல் போனது, எல்லாம் எனக்குள் அப்படியே இருக்கிறது. அவள் என்மேல் வைத்திருக்கிற கோபமும் இப்போது கூடச் சேர்ந்துவிட்டது. இரண்டையும் சுமந்துகொண்டுதான் திங்கட்கிழமை வண்டியில் ஏறுவேன்.